பெரிய வீலும் சரியான சஸ்பென்ஷனும்: டொயோட்டா 86, சுபாரு பி.ஆர்.இசட் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2012-இல் வந்த முதல் தலைமுறை 86-ம் பி.ஆர்.இசட்டும் பெயரில் இரண்டு, அடியில் ஒன்று. ஜி.டி.86, சயான் எஃப்.ஆர்.எஸ் என்று விற்றதும் இதே வண்டிதான். சஸ்பென்ஷன் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக), பின்னால் இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் வீலைத் தாங்கும் கைகள்). கீழே வரும் எண்கள் எல்லாம் 17 அங்குல வீலோடு வந்த வண்டிக்கானவை: வீல் 17×7 (விட்டமும் அகலமும் அங்குலத்தில்), ஆஃப்செட் +48 (வண்டியோடு ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ வெளிப்பக்கம் என்பது), டயர் 215/45-17 (அகலம் 215 மி.மீ, பக்கச்சுவர் அதில் 45 விழுக்காடு, வீல் 17 அங்குலம்). வேறு வண்டிக்காரர்கள் கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளலாம், எண்களை வேண்டாம்.

1. 17 போய் 18 போட்டா சஸ்பென்ஷனையும் மாத்தியே ஆகணுமா?

வேண்டியதில்லை. 18×7.5 வீல், +48 ஆஃப்செட், 215/40-18 டயர் என்று நின்றுகொண்டால் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். பழைய டயரின் மொத்த விட்டம் 625 மி.மீ, புதியது 629. வீல் உள்பக்கம் 6, வெளிப்பக்கம் 6 மி.மீ கூடும், அவ்வளவுதான். 2022 மாடலாக வந்த இரண்டாம் தலைமுறை ஜி.ஆர்.86-இல் மேல்வகைக்கு டொயோட்டாவே தரும் அளவு இது.

மாறுவது டயரின் பக்கச்சுவர். 97 மி.மீ இருந்தது 86 ஆகிறது. போன 11 மி.மீ ரப்பர் வாங்கிக்கொண்ட அடியை இனி ஷாக் அப்சார்பர் வாங்க வேண்டும். நல்ல ஷாக் வாங்கிவிடும். எண்ணெய் கசிந்து களைத்துப்போன ஷாக்கோடு 18 போட்டவர்கள்தான் "18 போட்டா வண்டி குதிக்குது" என்று சொல்கிறார்கள். சுபாரு 2018-இல் அமெரிக்காவில் விட்ட பி.ஆர்.இசட் டி.எஸ் வகையில் இதே 215/40-18 டயரோடு சாக்ஸ் (Sachs) கம்பெனி ஷாக்கும் சுபாருவின் பந்தயப் பிரிவான எஸ்.டி.ஐ-இன் ஸ்பிரிங்கும் சேர்ந்து வந்தன. 18 என்றாலே ஷாக் மாற்றியாக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. மாற்றுவதென்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக மாறவேண்டும் என்பதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. அப்புறம் ஏன் எல்லாரும் வீலோட சேர்த்தே சஸ்பென்ஷனையும் மாத்துறாங்க?

பாதிப் பேர் டயருக்கும் ஃபெண்டருக்கும் (வீலுக்கு மேலுள்ள பாடித் தகடு) நடுவே தெரியும் இடைவெளியை மறைக்க. அதில் தவறில்லை, ஆனால் அந்த இடைவெளி சும்மா விட்ட இடம் அல்ல, டயர் மேலேறி இறங்கும் இடம். மீதிப் பேருக்கு உண்மையான காரணம் இருக்கிறது: 8.5 அங்குல அகல வீல், ஒட்டும் தன்மை அதிகமுள்ள டயர், அல்லது டிராக்கில் ஓட்டும் பழக்கம். டயர் அதிகம் பிடித்தால் வளைவில் வண்டி அதிகம் சாயும். சாய்ந்தால் வெளிப்பக்க டயர் ஃபெண்டருக்குள் ஏறும். அகலமான வீலுக்கு அங்கே இடம் குறைவு. சாய்வைக் கட்டுப்படுத்தத்தான் ஸ்பிரிங் கடினமாகிறது.

வீல் எடையைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். 18×8.5 வார்ப்பு வீல் 10, 11 கிலோ வரும், ஃபோர்ஜ் செய்தது 8 கிலோவை ஒட்டி வரும், கம்பெனி 17 அங்குல வீல் 9 முதல் 10 கிலோ. மூலைக்கு ஒன்றிரண்டு கிலோ கூடினால் ஷாக்குக்கு வேலை கொஞ்சம் கூடும், அதற்காகவே புது ஷாக் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் எடை குறைந்த வீல் வாங்குவது மேல்.

3. முதல்ல எதை வாங்கணும், வீலா காயில்ஓவரா?

முதலில் டயரின் அளவு, அடுத்து வீலின் அகலமும் ஆஃப்செட்டும், கடைசியில் சஸ்பென்ஷன். முடிவெடுக்கும் வரிசைதான் இது, பணம் கட்டும் வரிசை எப்படியும் இருக்கலாம். டயர் விட்டம் தெரிந்தால்தான் எவ்வளவு இறக்க இடமிருக்கிறது என்று தெரியும், ஆஃப்செட் தெரிந்தால்தான் ஸ்ட்ரட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும்.

காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய தொகுதி) வாங்குவது உறுதி என்றால், அதை மாட்டி உயரம் வைத்து, ஸ்ட்ரட்டிலிருந்து இடத்தை அளந்த பிறகு வீல் ஆர்டர் கொடுங்கள். காயில்ஓவரின் ஸ்பிரிங் 60 அல்லது 65 மி.மீ உள்விட்டம்தான், கம்பெனி ஸ்பிரிங்கைவிட மெலிந்தது. அதனால் உள்பக்கம் சில மி.மீ கிடைக்கும்.

4. 18×8.5 +45 வீல் உள்ள இடிக்குமா? யாருமே நேரா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க.

நேரான பதில் ஒரு கூட்டல் கணக்கில் இருக்கிறது. வீலின் பாதி அகலத்தோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் உள்பக்க நீளம், கழித்தால் வெளிப்பக்க நீளம். கம்பெனி வீல் 17×7 +48: பாதி அகலம் 88.9. உள்ளே 136.9, வெளியே 40.9 மி.மீ. 18×8.5 +45: பாதி அகலம் 108. உள்ளே 153, வெளியே 63. ஆக, உள்பக்கம் 16 மி.மீ நெருங்குகிறது, வெளிப்பக்கம் 22 மி.மீ தள்ளுகிறது. இதையே +35-இல் போட்டால் உள்ளே 6, வெளியே 32. 18×8 +45 என்றால் உள்ளே 10, வெளியே 16.

உங்கள் வண்டியில் கம்பெனி டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே எத்தனை மி.மீ இருக்கிறது என்று அளந்து, அதிலிருந்து இந்த எண்ணைக் கழியுங்கள். டயர் அகலம் கூடினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதலில் பாதியைக் கழியுங்கள்: 215-லிருந்து 225 என்றால் 5 மி.மீ. இது தோராயம்தான். ஒரே 225 என்று எழுதியிருந்தாலும் ஒரு கம்பெனி டயர் இன்னொன்றைவிட அகலமாக உட்காரும். மிச்சம் 5 மி.மீ வந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே என்றால் வேறு ஆஃப்செட் தேடுங்கள்.

5. டயர் அளவு 225/40 போடவா, 235/40 போடவா?

225/40-18-இன் விட்டம் 637 மி.மீ, பழையதைவிட சுமார் 2 விழுக்காடு அதிகம். 235/40-18 என்றால் 645, மூன்று விழுக்காட்டைத் தாண்டுகிறது. இரண்டும் 8.5 வீலில் ஒழுங்காக உட்காரும். ஆனால் 235/40 முன் ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை முழு ஸ்டியரிங் வளைப்பில் தேடிப்போய் உரசும். சாலை வண்டிக்கு 225/40 போதும். டிராக்குக்கு அகலம் வேண்டும் என்றால் 245/35-18 பாருங்கள், விட்டம் 629-தான்.

விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் அதே விழுக்காடு குறைத்துக் காட்டும், கியரும் அதே அளவு நீளும். 200 குதிரைத்திறன் வண்டியில் மூன்று விழுக்காடு காலில் தெரியும். டயரின் சுமைக் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி 215/45-17 டயருக்கு 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. 225/40-18 பெரும்பாலும் 92 எக்ஸ்.எல் (கூடுதல் சுமை வகை) என்று வரும், அது 630 கிலோ.

6. நட், போல்ட் விஷயத்துல கவனிக்க என்ன இருக்கு?

போல்ட் வட்டம் 5×100 (100 மி.மீ வட்டத்தில் 5 போல்ட்), நடுத்துளை 56.1 மி.மீ, ஸ்டட் எம்12, புரி இடைவெளி 1.25. இது சுபாருவின் அளவு. டொயோட்டா சின்னத்தைப் பார்த்துவிட்டு கடைக்காரர் டொயோட்டாவின் வழக்கமான 1.5 புரி நட்டை எடுத்துக்கொடுப்பார். முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் ஸ்டட் போய்விடும். 2005-க்குப் பிந்தைய டபிள்யூ.ஆர்.எக்ஸ் எஸ்.டி.ஐ காரின் வீலும் பொருந்தாது, அது 5×114.3.

வெளிச்சந்தை வீலின் நடுத்துளை பெரும்பாலும் 73.1 இருக்கும். 73.1-லிருந்து 56.1-க்கு வளையம் போடாவிட்டால் வீல் நடுவில் உட்காராது, 90, 100 கி.மீ வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் போகாது. நட்டை 120 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, 100 கி.மீ ஓடியதும் மறுபடி பாருங்கள்.

7. ஸ்பிரிங் மட்டும் மாத்தி ஷாக்கை அப்படியே விட்டா என்ன கெட்டுப்போகும்?

எவ்வளவு கடினமான ஸ்பிரிங் என்பதைப் பொறுத்தது. ஐபாக், ஆர்.எஸ்.ஆர், டெய்ன் போன்றவர்கள் விற்கும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் கம்பெனி ஸ்பிரிங்கைவிட இருபது முப்பது விழுக்காடு கடினம். ஸ்பிரிங் 25 விழுக்காடு கடினமானால் அதே ஷாக்கின் தணிப்பு விகிதம் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் திறன்) சுமார் 10 விழுக்காடு குறையும். நல்ல ஷாக் அதைத் தாங்கும், ஆனால் வயது சீக்கிரம் ஏறும். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு கடினமாக்கினால் தணிப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு விழும். மேடு தாண்டிய பிறகு வண்டி இன்னொரு முறை எழும்பி உட்காரும்.

பெரிய வீலோடு இதில் இன்னொரு சிக்கல்: பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் முழுதும் அமுங்கும்போது தடுக்கும் கட்டை. கம்பெனி உயரத்தில் ஸ்ட்ரட் மேலேற 60 மி.மீ இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ இறக்கினால் பாதி போச்சு. பக்கச்சுவர் சிறுத்த டயர், பாதி ஓட்டம் போன ஷாக், இரண்டும் சேரும்போது சின்னப் பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் அடிக்கும். பம்ப் ஸ்டாப்பும் ஒரு ஸ்பிரிங்தான், மிகக் கடினமான ஸ்பிரிங். வளைவின் நடுவில் ஒரு பக்கம் அதில் உட்கார்ந்துவிட்டால் அந்த மூலையின் பிடி சட்டென்று போகும். ஸ்பிரிங் பெட்டியில் "பம்ப் ஸ்டாப்பை இத்தனை மி.மீ வெட்டவும்" என்று தாள் இருந்தால் அதன்படி வெட்டுங்கள். இல்லாவிட்டால் கத்தியை எடுக்காதீர்கள்.

8. காயில்ஓவர்ல 5 கிலோ, 8 கிலோன்னு போட்டிருக்கே, எது எனக்கு?

ஒரு மி.மீ அமுக்க எத்தனை கிலோ எடை தேவை என்பதுதான் அந்த எண். கம்பெனி 86-இன் முன் ஸ்பிரிங் 2 கிலோவுக்குச் சற்று மேல், பின் ஸ்பிரிங் 4-க்குச் சற்றுக் கீழ். பி.ஆர்.இசட்டில் முன் கொஞ்சம் கடினம், பின் கொஞ்சம் மென்மை. இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள் உணரும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இதிலிருந்து வருவதுதான்.

எண்ணை அப்படியே ஒப்பிடுவதைவிட, வண்டி நொடிக்கு எத்தனை முறை எழும்பி இறங்கும் என்று மாற்றிப் பார்ப்பது பயனுள்ளது. டிரைவரோடு 1,315 கிலோ வண்டியில் முன் மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 305 கிலோ. கம்பெனி ஸ்பிரிங்கில் அது 1.3 ஹெர்ட்ஸ். 5 கிலோ ஸ்பிரிங்கில் 1.9, 8 கிலோவில் 2.4. தினமும் ஓட்டும் வண்டி 2-ஐத் தாண்டினால் கூட உட்காருபவர் அடுத்த முறை பஸ்ஸில் வருவார். 18 அங்குலத்தோடு தெருவில் ஓட்ட முன்னால் 4 முதல் 5 கிலோ. டிராக் டயரும் டிராக் நாளும் இருந்தால் 7, 8. நடுவில் 6 கிலோ வாங்குபவர்கள் பெரும்பாலும் மூன்று மாதத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

9. முன்னாடியும் பின்னாடியும் ஒரே கிலோ போட்டா சமம்தானே?

இல்லை. முன்னால் ஸ்ட்ரட் வீலோடு கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. வீல் 10 மி.மீ ஏறினால் ஸ்பிரிங் 9.5 மி.மீ அமுங்கும். பின்னால் ஷாக், வீலைத் தாங்கும் கையில் (கன்ட்ரோல் ஆர்ம்) உள்பக்கமாகத் தள்ளி நிற்பதால் 10-க்கு 7.5 அளவுதான் அமுங்கும். வீலில் உணரப்படும் கடினம் இந்த விகிதத்தை அதனாலேயே பெருக்கினால் வருவது: முன்னால் ஸ்பிரிங்கில் 90 விழுக்காடு, பின்னால் 56 விழுக்காடு.

ஆக முன்னால் 5, பின்னால் 5 போட்டால் முன்பக்கம் 1.9 ஹெர்ட்ஸ், பின்பக்கம் 1.6. முன்பக்கம் அதிகம் கடினமாகி, வண்டி வளைவில் மூக்கை வெளியே தள்ளும். 86-ஐ வாங்கியதே அது பின்னால் நகர்ந்து திரும்பும் என்பதற்காக. முன்னால் 5 என்றால் பின்னால் 7 போட்டால்தான் இரண்டும் 1.9-இல் நிற்கும். தெருவுக்கு 6 போதும். முன்னும் பின்னும் ஒரே எண் எழுதிய பெட்டியைப் பார்த்தால், வேறு ஸ்பிரிங் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். பல காயில்ஓவர் கம்பெனிகள் தருகின்றன.

10. எவ்வளவு இறக்கலாம்? ஃபெண்டர்ல இருந்து தரைக்கு அளந்தா போதுமா?

தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் மாறியதும் அந்த அளவு பொய்யாகிவிடும்: 225/40-18 போட்ட உடனே, ஒரு நட்டைக்கூடத் தொடாமல் வண்டி 6 மி.மீ உயர்ந்திருக்கும். வீலின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, வீல் கழற்றும் முன்னரே நான்கு மூலைக்கும் எழுதிவையுங்கள்.

முன்னால் 20 முதல் 25 மி.மீ. அதற்கு மேல் இறக்குவது இந்த வண்டிக்குக் கெடுதல். ஸ்ட்ரட் வண்டியில் கீழ்க்கை தரைக்கு இணையாக அல்லது வெளிமுனை சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும். அதிகம் இறக்கினால் வெளிமுனை மேலே ஏறிவிடும். அப்போது வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடைமையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நீளுவதால், தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகம் சாயப் பார்க்கும். 40 மி.மீ இறக்கிவிட்டு "இன்னும் சாயுது" என்று இன்னும் கடின ஸ்பிரிங் தேடுபவர்களின் கதை இதுதான். அவ்வளவு இறக்கியே தீருவேன் என்றால் நீளமான பால் ஜாயின்டும் அதற்கு ஈடான டை ராட் முனையும் போட வேண்டும்.

11. கார் ஜாக்ல தூக்கினா ஸ்பிரிங் லூசா ஆடுது. மாட்டினவர் தப்பு பண்ணிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. கம்பெனி ஸ்பிரிங் வண்டி எடையில் சுமார் 145 மி.மீ அமுங்கி நிற்கிறது. 5 கிலோ ஸ்பிரிங் அதே எடையில் 70-க்கும் குறைவாகத்தான் அமுங்கும். வீல் தொங்கும்போது ஷாக் அதைவிட நீண்டுவிட்டால் ஸ்பிரிங்குக்குப் பிடிப்பு இருக்காது. மேட்டைத் தாண்டும்போது "டங்" என்று சத்தம் வந்தால் மெல்லிய துணை ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

லூசாக இருக்கிறதே என்று ஸ்பிரிங் தட்டைத் திருகி இறுக்கிக்கொண்டே போவது தவறு. கீழ்ப் பிராக்கெட்டில் உயரம் மாற்றும் வகை காயில்ஓவரில் தட்டு ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்துக்கு மட்டும், உயரத்துக்கு அல்ல. அதிகம் இறுக்கினால் வீல் கீழே இறங்கும் ஓட்டம் போய், பள்ளத்தில் டயர் தரையை விட்டுவிடும். கம்பெனித் தாளில் சொன்ன இறுக்கத்தோடு விடுங்கள்.

12. கேம்பருக்கு போல்ட் போதுமா, மேல பிளேட் வாங்கணுமா?

முன்னால் கம்பெனி அமைப்பில் டோ (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மட்டும்தான் மாற்றலாம், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் வீல் சாயும் கோணம், மேல்முனை உள்ளே சாய்ந்தால் மைனஸ்) பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஸ்ட்ரட் அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றை எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட்டாக மாற்றினால் ஒன்று, ஒன்றரை டிகிரி கிடைக்கும். மலிவு, தெருவுக்குப் போதும்.

ஆனால் அகல வீல் போட்டவர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. போல்ட், ஸ்ட்ரட்டை அப்படியே விட்டுவிட்டு வீலை மட்டும் அதை நோக்கிச் சாய்க்கிறது. போல்ட்டிலிருந்து 200 மி.மீ மேலே, ஒன்றரை டிகிரிக்கு 5 மி.மீ நெருங்கும். 4-வது கேள்வியில் கணக்குப் போட்டு மிச்சம் வைத்த 5 மி.மீ அங்கே காலி. மேல் கேம்பர் பிளேட் ஸ்ட்ரட்டையும் வீலையும் ஒன்றாகச் சாய்ப்பதால் நடுவில் உள்ள இடம் குறையாது. 8 அங்குலம் வரை போல்ட், 8.5 முதல் பிளேட் என்று வைத்துக்கொள்ளலாம். கோளப் பேரிங் வைத்த பிளேட் தெருவில் கடகடவென்று சத்தம் போடும் என்பதையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

பின்னால் கதை தலைகீழ். இறக்க இறக்கக் கேம்பர் தானாகவே கூடும். 25 மி.மீ இறக்கினால் −2 டிகிரியை நெருங்கும். அதைக் குறைக்க நீளம் மாற்றக்கூடிய கீழ்க்கை தேவைப்படும். தெருவுக்கு நல்ல அளவு: முன்னால் −1.5, டோ பூஜ்யம். பின்னால் −1.5 முதல் −1.8, மொத்த டோ 0.2 டிகிரி உள்ளே.

13. இடிக்குதா இல்லையான்னு ரோட்டுக்குப் போகாமலே பார்க்க முடியுமா?

முடியும், அரை நாள் வேலை. ஸ்டாண்டில் தூக்கி, ஒரு மூலையின் ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி, பம்ப் ஸ்டாப்போடு ஸ்ட்ரட்டைத் திரும்ப மாட்டுங்கள். வீலைப் போட்டு, கீழ்க்கையின் அடியில் ஜாக் வைத்து பம்ப் ஸ்டாப் அமுங்கும் வரை மெல்ல ஏற்றுங்கள். பத்து மி.மீக்கு ஒருமுறை நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு கோடி வரை திருப்பிப் பாருங்கள். ஸ்ட்ரட்டின் உள்பக்கம், ஸ்பிரிங் தட்டு, ஃபெண்டர் மடிப்பு மூன்றிலும் களிமண் உருண்டை ஒட்டிவைத்தால் எவ்வளவு நசுங்கியது என்பது மிச்சமிருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். பிரேக் குழாய், ஏ.பி.எஸ் கம்பி பக்கம் குறைந்தது 10 மி.மீ இருக்க வேண்டும்.

இந்த வண்டியில் முதலில் உரசுவது முன் பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்துக் காதும் அதில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும்தான். காதை மடக்கிவிடலாம். பின் ஃபெண்டரின் உள்மடிப்பை மடக்குவதென்றால் சூடுகாட்டி, மெதுவாக. இல்லாவிட்டால் பெயின்ட் வெடித்து, துரு உள்ளே போகும்.

14. மாட்டி ஒரு மாசம் ஆச்சு, மேட்டுல கடகடன்னு சத்தம். ஷாக் போச்சா?

ஒரு மாதத்தில் ஷாக் போவது அரிது. இந்த வரிசையில் பாருங்கள்: காயில்ஓவரின் பூட்டு வளையங்கள், ஸ்டெபிலைசர் பார் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) இணைப்பு, ஸ்ட்ரட் மேல் நட், கீழ்ப் போல்ட். வளையத்தில் மாட்டும்போதே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தால் நகர்ந்ததா என்று ஒரு பார்வையில் தெரியும். மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்கியிருந்தால் ஷாக் தண்டு சுழன்று சீல் கெட்டிருக்கும், அப்போதுதான் ஷாக் போச்சு.

சத்தமில்லாமல் வண்டி விறைப்பாக, ஒரு பக்கம் உயரமாக நின்றால் ரப்பர் புஷ்தான் காரணம். பின் கைகளின் போல்ட்டை வீல் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கிழியும். எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்க வேண்டும்.

15. டேம்பிங் திருகு 16 கிளிக் இருக்கு. எங்க வைக்கிறது?

ஷாக்கின் தணிப்பை மாற்றும் அந்தத் திருகை முழு இறுக்கத்துக்குத் திருகி, அங்கிருந்து எண்ணிக்கொண்டு நடுவுக்கு வாருங்கள். ஒரே சாலையில் ஓட்டுங்கள். மேட்டுக்குப் பிறகு இன்னொரு முறை எழும்பினால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். சின்னச்சின்ன மேடுகளில் வண்டி உட்கார்ந்துகொண்டே போய் மேலே வராவிட்டால் இரண்டு கிளிக் தளர்த்துங்கள். இந்த இரண்டாவதை "ஸ்பிரிங் மென்மை" என்று தப்பாகப் புரிந்துகொண்டு மேலும் இறுக்குபவர்கள் நிறைய. டெய்ன் ஃபிளெக்ஸ் இசட் போன்றவற்றில் ஒரே திருகு இரண்டு திசையையும் சேர்த்து மாற்றும். கே.டபிள்யூ வி3 போன்றவற்றில் அமுங்குவதும் மீள்வதும் தனித்தனி. அங்கே மீள்வதை முதலில் சரிசெய்யுங்கள், அமுங்குவதைக் கம்பெனி சொன்ன இடத்திலேயே விடுங்கள்.

16. 19 இன்ச் போட்டா?

225/35-19-இன் பக்கச்சுவர் 79 மி.மீ. வீலும் டயரும் எடை கூடும், ஓட்டம் குறையும். கண்காட்சிக்குப் போடுங்கள்.

17. பின்னாடி மட்டும் அகல டயர் வேணும். சஸ்பென்ஷன்ல என்ன மாறும்?

விட்டம் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ஏ.பி.எஸ்ஸும் ஸ்திரக் கட்டுப்பாடும் குழம்பும். முன்னால் 225/40-18, பின்னால் 255/35-18 என்றால் 637-ம் 636-ம், சரி. ஆனால் பின்னால் பிடி கூடினால் வண்டி மூக்கைத் தள்ளும். அதை ஈடுகட்ட 9-வது கேள்வியில் சொன்னதைவிடப் பின் ஸ்பிரிங்கை ஒரு கிலோ கூட்டவேண்டும், அல்லது தடித்த பின் ஸ்டெபிலைசர் பார் போடவேண்டும். 200 குதிரைத்திறனுக்கு நான்கும் ஒரே அகலம்தான் பொருத்தம். டயரையும் முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்க்கலாம்.

18. சோதனைக்குப் போனா பிடிப்பாங்களா?

நாட்டைப் பொறுத்தது. இந்த வண்டி பிறந்த ஜப்பானில் தரையிலிருந்து குறைந்தது 9 செ.மீ இருக்க வேண்டும். வீலும் நட்டும் ஃபெண்டருக்கு வெளியே வரக்கூடாது. டயரின் ரப்பர் மட்டும் 10 மி.மீக்குள் பிதுங்கலாம் என்று 2017-இல் தளர்த்தினார்கள். 18×8.5 +35 போட்டால் வெளியே 32 மி.மீ தள்ளும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஸ்பிரிங்குக்கும் வீலுக்கும் ஒப்புதல் தாள் வேண்டும், இரண்டும் சேர்ந்த நிலையில் பரிசோதிக்கச் சொல்வார்கள். எங்கே இருந்தாலும் காப்பீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

செனான் விளக்குள்ள வண்டியில் பின் கையோடு விளக்கு மட்டத்தைச் சொல்லும் சென்சார் கம்பி இருக்கும். வண்டி இறங்கியதும் அதன் நீளத்தைச் சரிசெய்யாவிட்டால் வெளிச்சம் தப்பான இடத்தில் விழும்.

19. எல்லாம் சரியாத்தான் பண்ணினேன், ஆனா ரோட்டுல பள்ளக்கோடு இருந்தா ஸ்டியரிங் தானா அந்தப் பக்கம் இழுக்குது. ஏன்?

சஸ்பென்ஷனைக் குறைசொல்லும் முன் ஆஃப்செட்டைப் பாருங்கள். +48-லிருந்து +35-க்கு வந்தால் டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுப்புள்ளி 13 மி.மீ வெளியே போகிறது. வீல் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அது தரையைச் சந்திக்கும் இடத்துக்கும் அந்த நடுப்புள்ளிக்கும் உள்ள நெம்புகோல் நீளம் மாறுகிறது. சாலையின் ஒவ்வொரு கோடும் அந்த நெம்புகோலைப் பிடித்துத் திருப்பும். ஒரு பக்க டயர் மட்டும் சகதியில் இருக்கும்போது பிரேக் பிடித்தாலும் இதே இழுப்பு வரும். அகல டயரும் அதிகக் கேம்பரும் இதைப் பெருக்கும்.

சோதிக்க வழி எளிது. கம்பெனி 17 வீலை மட்டும் திரும்பப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். இழுப்பு போனால் வீல்தான், +45-ஐ ஒட்டிய ஆஃப்செட் தேட வேண்டும். போகாவிட்டால் முன் டோவை அளக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் முதல் சில நூறு கி.மீயில் சில மி.மீ உட்காரும், மாட்டிய அன்றே செய்த அலைன்மென்ட் அதற்குள் மாறியிருக்கும். 500 கி.மீ கழித்து இரண்டாவது முறை செய்வதற்கான பணத்தையும் முதல் நாளே ஒதுக்கிவையுங்கள்.